ஆப்பிரிக்க மகோகனி 12 ஆண்டில் வெட்டலாம் என்கிறார்கள்: வெளிநாட்டு மரப்பயிர் குறித்து அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மேட்டுக்காடு

அனைவருக்கும் வணக்கம். ஓரளவு தண்ணீர் உள்ள மேட்டு நிலம். வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டதால் மரப்பயிருக்கு மாறலாம் என்று நினைக்கிறேன். கன்று விற்கும் ஒரு நிறுவனத்தார் ஆப்பிரிக்க மகோகனியைப் பரிந்துரைத்து, திட்ட அறிக்கை ஒன்றும் அனுப்பியிருக்கிறார்கள். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டு, கலைக்காமல் (இடையிடையே சில மரங்களை வெட்டி எடுக்காமல்) விட்டு, 12-ஆம் ஆண்டு மொத்தமாக வெட்டலாமாம். பூச்சியே வராதாம். பிரேசிலில் நேர்நேராக நிற்கும் தோப்புகளின் படங்களையும் சேர்த்திருக்கிறார்கள். படங்கள் உண்மையானவை மாதிரிதான் தெரிகின்றன.

இந்த மரத்தை வளர்த்தவர்கள், வெட்டியவர்கள், மரம் வாங்குபவர்கள் யாராவது விளக்கினால் உதவியாக இருக்கும். மகோகனி, தேக்கு, அக்கேசியா எதைப் பற்றிச் சொன்னாலும் சரி.

நுனிக்குருத்து

மேட்டுக்காடு சார், முதலில் பூச்சி விஷயத்தைப் பேசிவிடுவோம். இந்தக் குடும்பத்து மரங்களுக்கு அதுதான் தலையெழுத்தை முடிவு செய்கிறது.

மகோகனி, ஆப்பிரிக்க மகோகனி, செட்ரெலா, சந்தன வேம்பு எல்லாம் வேம்புக் குடும்பம். இவற்றுக்குப் பொது எதிரி ஹிப்சிபைலா என்ற அந்துப்பூச்சியின் புழு, அதாவது குருத்துத் துளைப்பான். இந்தப் பூச்சியில் முக்கியமானவை இரண்டு. கிராண்டெல்லா என்பது அமெரிக்கக் கண்டங்களில் இருப்பது. ரொபஸ்டா என்பது ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா பக்கம் இருப்பது. ஆப்பிரிக்க மகோகனி தன் சொந்த ஊரில் ரொபஸ்டாவிடம் அடி வாங்கும் மரம். அதைக் கடல் தாண்டி பிரேசிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருப்பது கிராண்டெல்லா. அந்தப் புழுவுக்கு இந்த மரம் சரியாக ஒத்துவரவில்லை. உங்களுக்கு வந்த படங்களில் மரங்கள் நேராக நிற்பதற்கு இதுதான் முக்கியமான காரணம்.

சந்தன வேம்பின் கதையும் இதேதான். ஆஸ்திரேலியாவில் அதைத் தோப்பாக வளர்க்க எடுத்த முயற்சிகளை ரொபஸ்டா கெடுத்தது. அதே மரம் பிரேசிலில் வணிகப் பயிராக நிற்கிறது. கோஸ்டாரிகாவின் துரியால்பாவில் இன்னும் ஒரு படி போய், சந்தன வேம்பு வேர்க்கட்டையில் செட்ரெலாவை ஒட்டுக் கட்டிப் பார்த்தார்கள். வழக்கமாகப் புழு தின்று தீர்க்கும் செட்ரெலாவே அந்த ஒட்டில் எதிர்ப்பு காட்டியது. வேரிலிருந்து மேலே போகும் ஏதோ ஒன்று புழுவுக்கு ஆகவில்லை.

ஆகவே பூச்சி வராது என்ற பேச்சுக்கு நீங்கள் கேட்க வேண்டிய எதிர்க்கேள்வி, என் நிலம் இருக்கும் பக்கம் எந்த ஹிப்சிபைலா இருக்கிறது என்பது. ரொபஸ்டா இருக்கும் இடத்தில் பிரேசில் படத்தைக் காட்டி விற்பது நியாயமே இல்லை. மரம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்த பகையாளியும் அதே பக்கத்தில்தான் இருக்கிறான்.

அடி எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்து குருத்து மளமளவென்று எழும்பும் நேரத்தில்தான் பூச்சி முட்டை வைக்கும். புழு இளந்தண்டுக்குள் நுழைந்த இடத்தில் பிசினும் புழுக்கையும் கலந்த பழுப்புத் தூள் கட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த சில நாட்களில் நுனி தலை சாய்ந்து கருகும். மரம் சாகாது. அதற்குக் கீழே மூன்று நான்கு சிம்புகள் ஒரே வேகத்தில் கிளம்பும். அவற்றில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதை உடனே கிள்ளாவிட்டால் ஆள் உயரத்திலேயே கவை விழுந்துவிடும். அடுத்த மழைக்கு மறுபடி அடி. அடியிலிருந்து 6 மீட்டர் வரை நேர்த்தண்டு கிடைக்கவில்லை என்றால், பிறகு எவ்வளவு பருத்தாலும் விறகுக்கும் பெட்டி மரத்துக்கும்தான் போகும்.

இதற்கு மருந்து அடித்து வென்றவர்களை நான் பார்த்ததில்லை. புழு தண்டுக்குள் இருக்கிறது, மழையும் பெய்துகொண்டே இருக்கிறது. பலன் தருவது பக்க நிழல். இலங்கையில் மகோகனியைப் பலா மரங்களோடு கலந்து வளர்த்தார்கள். பக்கத்து மரங்களின் நிழலில் குருத்து மெலிந்து உயரமாக எழும்பும், தாக்குதலும் குறையும். திறந்த வெளியில் ஒரே இனமாக வரிசை கட்டி நட்டால் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

கனஅடி

நான் மரம் வாங்கி அறுப்பவன். 12 வருடக் கணக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மரத்தில் விலை போவது வைரம், அதாவது நடுவில் இருக்கும் கடினமான பகுதி. சுற்றி இருக்கும் வெள்ளை உளுத்துப்போகும். தேக்கானாலும் மகோகனியானாலும் இதுதான் நிலை. ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். வெள்ளை இருபக்கமும் 3 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

சுற்றளவு 60 செ.மீ. மரம்: விட்டம் 19 செ.மீ., வைரம் 13 செ.மீ. அந்த வட்டத்துக்குள் அறுக்கக்கூடிய சதுரம் பக்கத்துக்கு 9 செ.மீ.

சுற்றளவு 120 செ.மீ. மரம்: விட்டம் 38, வைரம் 32. சதுரம் பக்கத்துக்கு 22 செ.மீ.க்கும் மேல்.

சுற்றளவு இரண்டு மடங்குதான். முழு வைரச் சதுரத்தின் பரப்பு ஆறு மடங்கு. இதனால்தான் பத்து ஒல்லி மரத்தைக் கொண்டுவந்தாலும் நாங்கள் ஒரு பருத்த மரத்துக்குக் கொடுக்கும் மதிப்பைக் கொடுக்க முடிவதில்லை. ஒல்லி மரத்தில் கதவு நிலை எடுக்க முடியாது, சட்டம் கூட ஓரத்தில் வெள்ளையோடு வரும்.

இன்னொன்று. திட்ட அறிக்கையில் மரத்தின் கொள்ளளவை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உருளைக் கணக்கில் போட்டிருப்பார்கள். மரவாடியில் உருட்டு மரத்தைப் பெரும்பாலும் கால் சுற்றளவு முறையில்தான் அளப்போம்: சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவது. உருளைக் கணக்கில் 100 வரும் மரம் இந்த முறையில் 78.5 தான் வரும். யாரும் ஏமாற்றுவதில்லை, பட்டையும் அறுவையில் போகும் ஓரமும் அதில் கழிந்துவிடுகிறது. ஆனால் அறிக்கையை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெட்டுவதற்கு முன்பே காணாமல் போகிறது. பட்டைக்கு மேல் அளந்த சுற்றளவா, பட்டை உரித்த சுற்றளவா என்பதையும் கேளுங்கள்.

வேகமரம்

எல்லாரும் பயமுறுத்துற மாதிரியே பேசுறீங்க. 2க்கு 2 நட்டா ஹெக்டேருக்கு 2,500 மரம். ஒல்லியா இருந்தா என்ன, எண்ணிக்கை இருக்கே. அக்கேசியா மாஞ்சியம் எடுத்துக்குங்க, ஆறு ஏழு வருஷத்துல காகிதக் கூழுக்கு வெட்டிடலாம். இந்தோனேசியா, வியட்நாம்ல லட்சக்கணக்கான ஹெக்டேர் அந்த மரம்தான் இருந்துச்சு. வேகமா வளர்றதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல.

பழைய வனவர்

தம்பி, வேகத்தில் தப்பில்லை. கூழுக்கு என்று நட்டு, கூழாலை பக்கத்தில் இருந்தால் அது ஒரு தனித் தொழில். அறுவை மரக் கணக்கைக் காட்டிவிட்டு, கூழ் மர இடைவெளியில் நடச் சொல்வதுதான் இங்கே சிக்கல். 2,500 கன்று நட்டால் தரமான அறுவை மரத்துக்கு இறுதியில் நிற்க வேண்டியது 200 முதல் 300 வரைதான். மீதி எல்லாம் வழியில் கலைந்துபோக வேண்டியவை. கலைக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கும் அறிக்கையை நான் அந்த வரியோடு மூடிவிடுவேன். தலைகள் ஒன்றோடொன்று முட்டிய பிறகு மரம் உயரத்துக்கு மட்டும் போகும், சுற்றளவு நின்றுவிடும். மர உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்காவது பச்சைத் தலை இருக்க வேண்டும். அதற்கும் கீழே சுருங்கிய பிறகு கலைத்தால் பலன் மிக மெதுவாகத்தான் வரும், காற்றடித்தால் ஒடியவும் செய்யும்.

அக்கேசியா மாஞ்சியத்தைச் சொன்னாய். அதன் வரலாறு முழுவதையும் தெரிந்துகொள். 1966-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து மலேசியாவின் சபாவுக்கு விதை போனது. வந்தது ஒரே தாய்மரத்து விதை. அதில் வளர்ந்த மரங்களின் விதையை எடுத்து, அதிலிருந்து மறுபடி விதை எடுத்து நட்டார்கள். தலைமுறைக்குத் தலைமுறை வளர்ச்சி குன்றியது. உள்வட்டக் கலப்பு, அதாவது நெருங்கிய உறவு மரங்களுக்குள்ளேயே கலந்ததன் விளைவு. பிறகு சொந்தக் காட்டிலிருந்து பல இடத்து விதையை வரவழைத்துத்தான் சரிசெய்தார்கள். நாற்றுப்பண்ணையில் கன்று வாங்கும்போது, இது எத்தனை தாய்மரத்து விதை, அந்தத் தாய்மரங்கள் எங்கே நிற்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பதில் வராத இடத்தில் வாங்காதீர்கள்.

அடுத்து நோய். அந்த மரத்துக்கு உள்ளழுகல் ஆரம்பத்திலிருந்தே உண்டு. பின்னால் செரட்டோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை வாடல் வந்தது. காயத்தின் வழியாக உள்ளே போகும் பூஞ்சை அது. கவாத்து செய்த வெட்டு, குரங்கு உரித்த பட்டை, அணில் கடித்த இடம், எது கிடைத்தாலும் போதும். சுமத்ராவிலும் சபாவிலும் தோப்பு தோப்பாகச் செத்து, நட்டவர்கள் யூகலிப்டஸ் பெல்லிட்டாவுக்கு மாற வேண்டியதாயிற்று. புதிய இடத்தில் வெளிமரத்துக்குக் கிடைக்கும் நிம்மதி நிரந்தரம் இல்லை. ஒரே இனத்தைப் பரந்த அளவில் நட்டால், ஏதாவது ஒன்று அதைத் தின்னக் கற்றுக்கொள்கிறது.

நம் குமிழ மரத்தையே பாருங்கள். பிரேசிலின் ஜாரி ஆற்றங்கரையில் டேனியல் லுட்விக் என்ற அமெரிக்கக் கோடீஸ்வரர் 1967-ல் பெருநிலம் வாங்கிக் குமிழை நட்டார். காட்டைப் புல்டோசரால் தள்ளியபோது மேல்மண்ணும் போயிற்று, கீழ்மண் இறுகியது. மணற்பாங்கான இடங்களில் குமிழ் எழும்பவே இல்லை. அதற்கும் செரட்டோசிஸ்டிஸ் வந்தது. கடைசியில் பைனும் யூகலிப்டசும் நட்டு, 1982-ல் அவர் விட்டு விலகினார். பணமும் இயந்திரமும் குறையில்லாத ஆள். மண்ணைப் பார்க்காமல் மரத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் அவர் தொடக்கத்திலேயே செய்த தவறு.

வேகமரம்

ஐயா, தாய்மர விஷயம் எனக்குப் புதுசு. நன்றி. ஆனா இப்படிப் பார்த்தா வெளிமரமே நடக்கூடாதுன்னு ஆகுது. வெற்றி பெற்ற இடமே கிடையாதா?

பழைய வனவர்

இருக்கிறது. ஃபிஜி. அங்கே 1950-கள், 60-களிலிருந்து அமெரிக்க மகோகனியை நட்டார்கள். இன்று 40,000 ஹெக்டேருக்கு மேல் நிற்கிறது. அந்தத் தீவுகளில் ஹிப்சிபைலா இல்லை, அது முதல் காரணம். மரம் எடுத்து முடித்த காட்டுக்குள் வரிசை வெட்டி, இடையில் பழைய காட்டை விட்டு நட்டார்கள், அது இரண்டாவது. மூன்றாவது பொறுமை. பெரிய அளவில் வெட்டு தொடங்கியது 2000-களில்தான். அங்கேயும் தொல்லை இல்லாமல் இல்லை. அம்ப்ரோசியா வண்டு தண்டைத் துளைத்துச் சில காலம் நடவையே நிறுத்த வைத்தது.

தேக்கும் அப்படித்தான். இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் தவிர மற்ற எல்லா இடத்திலும் அது வந்தேறி மரம். மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. ஆழமான, நீர் தேங்காத, சுண்ணச்சத்துள்ள மண் வேண்டும். அது இருந்தால் வரும், இல்லையென்றால் எந்த உரமும் ஈடுகட்டாது.

கனஅடி

தேக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இளந்தேக்கு வலுவில்லாதது என்று பரவலாகப் பேசுவார்கள். அது முழு உண்மை இல்லை. இளந்தேக்கின் வலு முதிர்ந்த தேக்குக்குப் பெரிதாகக் குறைவதில்லை என்று கேரள வன ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. குறைவது வைரத்தின் அளவு, நிறம், கறையான் தாங்கும் தன்மை. வீட்டுக்குள் மேசை நாற்காலிக்கு இளந்தேக்கு தாராளமாகப் போதும். மழை படும் இடத்துக்கு வைக்காதீர்கள். வாங்க வருகிறவர்களிடம் இதை நேராகச் சொல்லி விற்பவருக்கு நல்ல பெயர் நிலைக்கும்.

சருகு

இதுவரை எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். மரத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைப் பேச வேண்டும், வேலிக்கு வெளியே என்ன நடக்கிறது என்பதையும்.

அடர்ந்த தேக்குத் தோப்பில் மழை நேரத்தில் நின்று பாருங்கள். முறம் மாதிரி இலை. சிறு தூறல் இலை மேல் சேர்ந்து பெருந்துளியாகி உயரத்திலிருந்து விழும். கீழே புல்லும் சருகும் இருந்தால் பரவாயில்லை. சுத்தமாக வைத்திருக்கிறோம் என்று தரையைக் கூட்டி எரித்த தோப்பில் அந்தத் துளி மண்ணை அடித்துத் தூக்கும். மரத்தின் அடிப்பக்கம் எல்லாம் மண் தெறித்த கறை இருக்கும், சரிவில் மெல்லிய வேர்கள் வெளியே தெரியும். மரம் மண்ணைக் காக்கும் என்பது எந்த மரத்துக்கும் தானாகக் கிடைத்துவிடுவதில்லை. தரைச் செடிகளை வாழவிட்டால்தான் காக்கும்.

வேலிக்கு வெளியே பரவுவது அடுத்தது. தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலையில் மேசொப்சிஸ் மரத்தை நட்டார்கள். அதன் பழத்தை இருவாச்சிகள் தின்று, இயற்கையான மலைக்காட்டுக்குள் கொண்டுபோய் விதைத்தன. கலாபகஸ் தீவுகளில் மரத்துக்காகக் கொண்டுவந்த செட்ரெலா ஒடோரட்டா இன்று அங்கே பெரிய களை. அதே மரம் தன் சொந்த மண்ணில் அளவுக்கு மீறி வெட்டப்பட்டு அருகிவருகிறது. மகோகனி விதைக்கும் இறக்கை உண்டு. பிலிப்பைன்சில் அது நட்ட இடத்தைத் தாண்டிக் காட்டுக்குள் முளைக்கிறது.

மேட்டுக்காடு, உங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் காடோ ஓடையோ இருந்தால், காற்றில் பறக்கும் விதையும் பறவை தின்னும் பழமும் உள்ள வெளிமரத்தைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஓடைக்கரையில் உள்ளூர் மரங்களை ஒரு பட்டையாக விடுங்கள். நடுவதற்கு முன் இதைச் செய்வது சுலபம். பரவிய பிறகு யாராலும் திரும்பப் பிடுங்க முடிவதில்லை.

நுனிக்குருத்து

சருகு சொன்னதோடு உடன்படுகிறேன். காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் ஆப்பிரிக்க மகோகனியைத் தெருவெங்கும் நட்டிருந்தார்கள். 2018 மார்ச்சில் மார்கஸ் புயல் வந்தபோது ஏராளமாக வேரோடு சாய்ந்தன. அந்த நாட்டின் வடபகுதியில் தோப்பு போட்டவர்களுக்கு மாஸ்டோடெர்மிஸ் என்ற பெருங்கறையானும் தலைவலி, உயிருள்ள மரத்தையே அது கொல்லும். ஆப்பிரிக்காவில் இல்லாத பகையாளி, புது ஊரில் கிடைத்தவன். புயல் பாதையில் நிலம் இருந்தால் இந்த மரத்தை நான் சொல்லமாட்டேன்.

ஏற்றுமதி

சட்டப் பக்கம் ஒரு குறிப்பு. அழிந்துவரும் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் பெரிய இலை மகோகனி (மேலே சொன்ன அமெரிக்க மகோகனி) 2003 முதல் இருக்கிறது. அந்தப் பட்டியல் அமெரிக்க வெப்பமண்டலத்தில் வளரும் மரத்துக்கு மட்டும். ஆப்பிரிக்க மகோகனியை 2022-ல் பனாமா மாநாட்டில் சேர்த்தார்கள், அதுவும் ஆப்பிரிக்காவில் வளரும் மரத்துக்கு மட்டும். வேறு கண்டத்துத் தோப்பு மரத்துக்கு இது ஒரு வாய்ப்பு. ஆனால் தோப்பில் வளர்ந்ததுதான் என்பதை நீங்கள் காட்ட வேண்டிவரும். கன்று வாங்கிய ரசீது, நட்ட தேதி, நிலப் பத்திரம், கலைத்த விவரம் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் வையுங்கள். ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இனங்கள் அப்படி இல்லை, 2017 முதல் எங்கே வளர்ந்தாலும் பட்டியலில் அடங்கும். வெட்டவும் ஏற்றிச்செல்லவும் உங்கள் பகுதி வனத்துறையில் என்ன அனுமதி வேண்டும் என்பதை நடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 1990-களில் நெதர்லாந்திலிருந்து கோஸ்டாரிகா தேக்குக்கும், இந்தியாவில் உள்ளூர்த் தேக்குக்கும் பணம் திரட்டிய திட்டங்களும் இப்படி மிகையான வளர்ச்சிக் கணக்கை வைத்துத்தான் விற்கப்பட்டன. இந்தியாவில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 1999-ல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு விதிமுறை கொண்டுவந்ததற்கு அந்தக் காலத்துத் தோட்டத் திட்டங்களும் ஒரு காரணம்.

மேட்டுக்காடு

எல்லோருக்கும் நன்றி. அந்த நிறுவனத்திடம் தாய்மரம் பற்றியும் ஹிப்சிபைலா பற்றியும் கேட்டேன். பதில் வரவில்லை, அவர்களிடம் வாங்கப்போவதில்லை. ஓடை ஓரம் உள்ளூர் மரம், மேட்டில் தேக்கும் கொஞ்சம் மகோகனியும் கலந்து என்று யோசிக்கிறேன். இடைவெளி எவ்வளவு விடலாம்? கவாத்து எப்போது தொடங்க வேண்டும்?

பழைய வனவர்

3க்கு 3 போடுங்கள், ஹெக்டேருக்கு 1,100 சுற்று வரும். அதற்குமுன் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி மண்ணைப் பாருங்கள். பாறையோ இறுகிய களியோ தட்டினால் அந்தத் துண்டில் தேக்கு வேண்டாம். மகோகனியைத் தேக்கோடு ஒரே வருடம் நடாதீர்கள், பக்க நிழல் எழும்பிய பிறகு உள்ளே நடுங்கள். தலை முட்டத் தொடங்கியதும் முதல் கலைப்பு. வளைந்ததையும் கவை விழுந்ததையும் முதலில் எடுங்கள், நல்ல மரத்தை நெருக்குவதை அடுத்து.

கனஅடி

கவாத்துக்கு என் பக்கத்திலிருந்து: தண்டின் விட்டம் 10 செ.மீ. தாண்டும் முன் அந்த உயரம் வரை பக்கக் கிளை போயிருக்க வேண்டும். அப்போது முடிச்செல்லாம் நடுவில் 10 செ.மீ.க்குள் அடங்கும், அதன் மேல் வளர்வது சுத்த மரம். பருத்த கிளையை வெட்டினால் பலகையில் கருமுடிச்சு விழும். கிளையின் அடியில் தடித்த கழுத்து ஒன்று இருக்கும், அதை வெட்டாமல், குச்சியும் நீட்டி விடாமல், கழுத்தை ஒட்டி ரம்பத்தால் அறுங்கள். அரிவாள் வேண்டாம், பட்டை கிழியும். வறண்ட மாதத்தில் செய்யுங்கள். ஒரே தடவையில் உயரத்தில் பாதிக்கு மேல் கிளையை எடுக்காதீர்கள்.